ஒரே கட்டணமும் இரண்டாவது பிரேக்கும்

என் மேசைமேல் ஒரு கார் பிரேக் பெடல் இருக்கிறது. காருக்குள் யாராவது ஒருவர் காலடியில் இருக்கவேண்டிய சாமான், சேலையூரில் என் அலுவலக மேசையில் உட்கார்ந்து, மின்விசிறிக் காற்றுக்குக் காகிதங்கள் பறக்காமல் காவல் காக்கிறது. அதன் ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. கல்யாண மண்டப அலங்காரத்துக்கு விலை பேச வருகிறவர்கள், பூ மாதிரிகளைப் பார்ப்பதற்கு முன்னால் இதைத்தான் பார்க்கிறார்கள். மெக்கானிக் ஷாப்பும் வைத்திருக்கிறீர்களா மேடம் என்று ஒரு பெண் வீட்டுக்காரர் கேட்டார். இல்லை சார், ஒப்பந்தம் எழுத நான் கற்றுக்கொண்டது இதனால்தான் என்றேன். அவர் சிரித்தார். நான் உண்மையைத்தான் சொன்னேன், நம்பாதது அவர் பாடு.

என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி ஒன்றுதான்: "எல்லாம் சேர்த்துத்தானே?" மேடை, வாசல் வளைவு, கார் ஜோடனை, மழை வந்து பூ விலை ஏறினால் அந்த ஏற்றம், எல்லாம் சேர்த்து ஒரே தொகை. இப்படி மொத்தமாகப் பேசிவிடுவதில் இரண்டு பக்கத்துக்கும் ஒரு நிம்மதி உண்டு. மணிக்கணக்கு பார்க்க வேண்டாம், ஆள்கணக்கு பார்க்க வேண்டாம், முகம் கோண வேண்டாம். ஆனால் அந்த 'எல்லாம்' என்பதில் எது அடங்கும், எது அடங்காது, வேலை எப்போது முடிந்ததாகக் கணக்கு, முடிந்தது என்று சொல்லவேண்டியவர் யார் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால், தாலி கட்டிய கையோடு சண்டைதான். இவற்றில் கடைசிக் கேள்வி இருக்கிறதே, அது பொல்லாதது. அந்த ஒரு கேள்விக்கு எங்கள் மாஸ்டர் ஒரு பதில் எழுதினார். உலகத்தில் வேறு எந்த வியாபாரியும் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

மாஸ்டர் என்று நான் சொல்வது, கிழக்குத் தாம்பரத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவரை. படிப்பு முடித்து நான் சேர்ந்த முதல் வேலை அங்கேதான். ஒரே ஒரு அறை, ஒரே ஒரு பயிற்சிக் கார். படிவம் நிரப்புவது, போன் எடுப்பது, வகுப்பு நேரம் ஒதுக்குவது என் வேலை. அவர் பம்மலில் பிறந்து வளர்ந்தவர். குரல் தெருமுனை வரை கேட்கும், கோபம் மூக்கு நுனியில் இருக்கும், வந்த வேகத்தில் போயும் விடும். காரின் முன்பலகையில் குன்றத்தூர் முருகன் படம். அதற்குக் கீழே, மாஸ்டர் உட்காரும் இடது பக்கத்தில், பயிற்சிக் கார்களுக்கே உரிய இன்னொரு கிளட்சும் இன்னொரு பிரேக்கும். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் மாஸ்டர் மிதிப்பார், வண்டி நிற்கும். முருகன் மேலே பார்த்துக்கொள்கிறார், நான் கீழே பார்த்துக்கொள்கிறேன் என்பார்.

அவருக்கு ஊரிலுள்ள மற்ற டிரைவிங் ஸ்கூல்கள்மேல் ஒரு கடுப்பு. இத்தனை வகுப்பு, இவ்வளவு பணம், லைசென்ஸ் கைக்கு வந்தால் கதை முடிந்தது என்பதுதான் எல்லா இடத்திலும் வழக்கம். லைசென்ஸ் வாங்கியவர்களில் பாதிப்பேர் காரை எடுக்கப் பயந்து பர்ஸில் அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு திரிவார்கள். அது மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "லைசன்ஸ் வாங்கித் தர்றவன் புரோக்கர். ஓட்டக் கத்துக் குட்கிறவன்தான் மாஸ்டர்" என்பது அவருடைய வேதவாக்கு. ஒருநாள் காலையில் வந்து, எழுதிக்கோம்மா என்று அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்ததுதான் அந்த ஒரு பக்க ஒப்பந்தம். கட்டணம் ஒன்றே. எத்தனை வகுப்பு என்ற கணக்கு கிடையாது. 'தனியாகக் கார் ஓட்ட எனக்குத் தைரியம் வந்துவிட்டது' என்று மாணவர் தாமே ஒப்புக்கொண்டு கையெழுத்திடும் வரை பயிற்சி தொடரும்.

தாமே! இதைப் படித்ததும் மாஸ்டரின் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டார். வரவு செலவெல்லாம் அவர் பொறுப்பு, நான் அக்கா என்று கூப்பிடுவேன். வேலை முடிந்தது என்று சொல்லும் உரிமையை வாங்குகிறவர் கையில் கொடுத்துவிட்டு நாம் என்ன செய்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் வேடிக்கை என்னவென்றால், மாஸ்டர் கணக்கு சரியாகவே ஓடியது. கல்லூரிப் பிள்ளைகள் நாலு நாளில் கற்றுக்கொண்டு, எங்கே கையெழுத்துப் போடணும் என்று பறப்பார்கள். சிலருக்கு வெட்கம், சிலருக்கு வேலை, அவர்களாகவே முடித்துக்கொள்வார்கள். சட்டென்று கற்றவர்கள் கட்டிய பணத்தில் மெதுவாகக் கற்கிறவர்கள் ஓட்டினார்கள். ஒரே கட்டணம் என்கிற ஏற்பாடு உயிர்வாழ்வதே இப்படித்தான் என்பதை நான் அங்கே பார்த்துத் தெரிந்துகொண்டேன். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, டீச்சர் வரும்வரை.

டீச்சர் அப்போதுதான் பணி ஓய்வு பெற்றிருந்தார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சின்னச் சிலுவை, கைப்பையில் எப்போதும் ஒரு சிவப்பு மைப் பேனா. ஒப்பந்தத்தை உட்கார்ந்து முழுசாகப் படித்த முதல் ஆள் அவர்தான். படித்து முடித்துவிட்டு, இது நிஜம்தானா என்று மாஸ்டரைக் கேட்டார். மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தி, "நம்ம கிட்ட ரெண்டு பேச்சு கெடியாது டீச்சர்" என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

டீச்சர் எதற்காக வந்தார் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார், ஒளிவு மறைவு அவரிடம் கிடையாது. அவர் கணவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். காரை அவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். சர்க்கரை கண்ணைத் தின்றுவிட்டது, டாக்டர் இனி ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். அப்படியும் தினம் காலையில் காரைத் தடவித் தடவித் துடைத்து, சாவி போட்டு என்ஜினை ஓடவிட்டு, கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்திருந்துவிட்டு வருவாராம். துபாயில் இருக்கிற மகன், அடுத்த லீவில் வந்ததும் காரை விற்றுவிடுவது என்று முடிவு செய்திருந்தான். சர்ச்சுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆட்டோ போதாதா என்பது அவன் வாதம். டீச்சர் விடவில்லை. மாதாமாதம் கண்ணைக் காட்ட, ஞாயிறு ஆராதனைக்கு, குன்றத்தூரில் இருக்கிற தங்கையைப் பார்க்க, இவரை நான் கூட்டிப்போகிறேன் என்றார். மகன் விளையாட்டாகச் சொன்னான்: என்னை ஏர்போர்ட்டிலிருந்து நீயே காரில் கூட்டிவந்துவிடு, வண்டியை நான் தொடவே மாட்டேன். டீச்சர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐயோ, அந்த வகுப்புகள்! டீச்சருக்கு ரோட்டில் எல்லோருமே மாணவர்கள். எதிரில் ஒரு மாடு வந்தாலும் அது ஒழுங்காக ஓரம் போகும்வரை நின்று காத்திருப்பார். கால் மட்டும் பிரேக்கை விட்டு வராது. ஆக்ஸிலரேட்டர் என்று ஒன்று இருப்பதையே அவர் ஒப்புக்கொள்ளச் சில வாரங்கள் ஆயின. மாஸ்டர் திரும்பத் திரும்பச் சொல்வார்: "காலை எடுங்க டீச்சர். பிரேக் என்கிட்டயும் கீது." அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் டீச்சர் காலை எடுத்தார். எடுத்த வேகத்தில் வண்டி பாய, மாஸ்டர் மிதிக்க, அந்த இரண்டாவது பிரேக்கின் ரப்பர் தேய்ந்தது பெரும்பாலும் இவரால்தான். கேம்ப் ரோடு பால்காரர், தயிர்க்காரர், டியூஷன் பிள்ளைகள் எல்லோருக்கும் எங்கள் 'எல்' போர்டு கார் பழகிவிட்டது. டீச்சர் வராங்கோ என்று அவர்களாகவே ஒதுங்குவார்கள்.

டெஸ்ட் வந்தது. டீச்சர் பாஸ். லைசென்ஸும் வந்தது. அக்கா சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றி, என்னிடம் அந்தப் பேப்பரைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கச் சொன்னார். டீச்சர் பேப்பரை மறுபடி முழுசாகப் படித்தார். இதில் லைசென்ஸ் என்ற பேச்சே இல்லையே, தைரியம் என்றுதானே போட்டிருக்கிறது, எனக்குத் தைரியம் இன்னும் வரவில்லையே என்றார். முகத்தில் குறும்பே இல்லை. அவருக்கு நிஜமாகவே வரவில்லை. பஸ்ஸும் லாரியும் பறக்கிற ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையைப் பார்த்தாலே உள்ளங்கை வேர்த்தது. ஏர்போர்ட்டுக்கு வேறு வழியும் கிடையாது.

அக்கா சும்மா இருக்கவில்லை. வகுப்புகளுக்கு ஒரு உச்சவரம்பு போட்டுப் புதிதாக ஒரு ஒப்பந்தம் தட்டச்சு செய்ய வைத்தார். நான்தான் தூது போனேன். டீச்சர் எனக்கு லெமன் ஜூஸ் கொடுத்து, பேப்பரைப் பார்த்து, ரொம்ப நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். "ஆனா இது புதுசா சேர்றவங்களுக்கும்மா. நான் பழசுல கையெழுத்துப் போட்டவ" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் திரும்பி வந்து சொன்னதும் அக்கா மாஸ்டரைப் பார்த்தார், மாஸ்டர் கூரையைப் பார்த்தார். டீச்சர் கட்டின பணம் என்றைக்கோ கரைந்துவிட்டதே என்று அக்கா பொருமியபோது மாஸ்டர் மெதுவாகச் சொன்னதை நான் மறக்கவில்லை. சீக்கிரம் முடித்துக்கொண்டு போனவர்களிடம் நாம் பாக்கியைத் திருப்பிக் கொடுத்தோமா? அது இனித்தது என்றால் இதுவும் இனிக்கத்தான் வேண்டும்.

மகன் வருகிற நாள் நெருங்கியது. டீச்சர் ஒருநாள் வந்து, ஏர்போர்ட்டுக்குத் தன் சொந்தக் காரில்தான் போகவேண்டும், மாஸ்டர் கூட வரவேண்டும் என்றார். அக்காவுக்கு முகம் மலர்ந்தது. சொந்தக் கார் நம் பயிற்சிக் கார் இல்லை, ஆகவே இது கட்டணத்தில் சேராது என்றார். மாஸ்டர் பேப்பரை எடுத்துவரச் சொல்லி ஒருமுறைக்கு இரண்டு முறை படித்தார். கார் என்றுதான் இருந்தது. எந்தக் கார் என்று எழுத அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. "எழுதாம உட்டோம்ல? அப்ப போவ வேண்டியதுதான்" என்று எழுந்துவிட்டார். எனக்குத் தெரியும், எழுதியிருந்தாலும் அவர் போயிருப்பார்.

வெள்ளிக்கிழமை காலை. பல்லாவரம் சந்தை நாள் வேறு, கேட்கவா வேண்டும்? டீச்சர் ஸ்டியரிங்கில், பக்கத்தில் மாஸ்டர், பின்சீட்டில் டீச்சரின் கணவரும் நானும். நான் எதற்கு என்கிறீர்களா? அந்தப் பேப்பரைக் கையோடு கொண்டுபோய், ஏர்போர்ட்டில் வண்டி நின்றதும் சுடச்சுடக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு. டீச்சர் ஜெபம் செய்தார். மாஸ்டர் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். இரண்டு பக்க ஆசியோடும் வண்டி கிளம்பியது.

சானடோரியம் ஸ்டேஷன் தாண்டும்வரை யாரும் மூச்சு விடவில்லை. குரோம்பேட்டையில் ஒரு ஷேர் ஆட்டோ, கை காட்டாமல் கண் காட்டாமல் குறுக்கே வந்து நின்று ஆள் ஏற்றியது. மாஸ்டரின் கால் தன் பக்கத்துத் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே வெறும் கால்விரிப்புதான். இந்தக் காரில் அவருக்கு பிரேக் கிடையாது என்பது அந்த நொடியில்தான் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது. ஆனால் வண்டி நின்றது. அழகாக, குலுங்காமல் நின்றது. டீச்சர் கண்ணாடியை இறக்கி, ஷேர் ஆட்டோக்காரரிடம், தம்பி, இண்டிகேட்டர் எதுக்கு இருக்கு என்று வகுப்பறைக் குரலில் கேட்டார். அவர் மிரண்டுபோய் சாரி மிஸ் என்றார். அதோடு டீச்சருக்குள்ளே எதுவோ ஒன்று திறந்துகொண்டது. சந்தைக் கூட்டத்துக்குள், கோழிக்கூண்டும் பழைய மரச்சாமானும் ரோட்டில் நடந்துபோகிற அந்த நெரிசலுக்குள், ஹாரன் அடித்துக்கொண்டு அவர் புகுந்து போனதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பின்சீட்டில் அவர் கணவர் கண்ணை மூடி என்ஜின் சத்தத்தைக் கேட்டபடி, இப்போ மூணாவது கியர், சரியாப் போட்டா என்று எனக்கு நேர்முக வர்ணனை கொடுத்துக்கொண்டே வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

மகன் வாசலில் டிராலியோடு நின்றான். அம்மா ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு இறங்குவதைப் பார்த்தவன், டிராலியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டான். அழுதான், சிரித்தான், பின்னால் ஒருவர் டிராலியை நகர்த்தச் சொல்லி ஏசினார். பெட்டிகள் ஏறியதும் இடம் போதவில்லை. டீச்சர் ஒரு கணம் யோசித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"மாஸ்டர், நீங்க இறங்கிக்கலாம்."

மாஸ்டர் கதவைப் பிடித்தபடி அவரைப் பார்த்தார். நானும் இறங்கி, சட்டென்று பேப்பரை நீட்டினேன், கடமை கடமைதானே. டீச்சர் அதை வாங்கிப் பார்த்து, இன்னும் ரிவர்ஸ் வரலையேம்மா, சந்துக்குள்ளே பின்னாடி எடுத்து நிறுத்த வந்ததும் போடறேன் என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் இருவரும் எதிர்ப்பக்கம் கடந்து, திரிசூலம் ஸ்டேஷனில் தாம்பரம் ரயிலுக்கு நின்றோம். மாஸ்டருக்குச் சிரிப்பு பீறிட்டது. என்னாண்ட கத்துகினு என்னையே இறக்கி உட்டாங்கம்மா, என்னையே இறக்கி உட்டாங்க என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிளாட்பாரத்தில் கொய்யா விற்ற அம்மாவிடமும் சொன்னார். அவரிடம் அத்தனை சந்தோஷத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. பணத்துக்குச் செய்த வேலையாக அது அன்றைக்கு இல்லவே இல்லை.

கார் விற்கப்படவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. டீச்சர் அதற்கப்புறமும் ரிவர்ஸ் வகுப்புக்கு எப்போதாவது வருவார், கையெழுத்து மட்டும் போடமாட்டார். அக்காவும் நாளடைவில் கேட்பதை விட்டுவிட்டு, டீச்சர் வந்தால் காப்பி போட ஆரம்பித்தார். நான் வேறு தொழிலுக்கு வந்தேன். மாஸ்டர் வயதாகி ஸ்கூலை மூடி, பயிற்சிக் காரை உடைக்கக் கொடுத்தபோது, இரண்டாவது பிரேக்கை மட்டும் கழற்றி எடுத்துவந்து, நீ கம்பெனி நடத்துற, வச்சுக்கோ என்று என் மேசையில் வைத்தார். கையெழுத்தாகாத ஒப்பந்தமும் பழைய கோப்புகளோடு என்னிடமே வந்து சேர்ந்தது.

போன மாதம் மாஸ்டருக்குக் கண்புரை ஆபரேஷன். ஒரு கண்ணுக்கு இப்போது, இன்னொன்றுக்குப் பிறகு என்றார்கள். அக்காவுக்கு முழங்கால் வலி, கூடப் போக முடியவில்லை. நான் வருகிறேன் என்றேன். ஆட்டோ பேசலாமா என்று யோசிக்கும்போதே டீச்சர் போன் செய்தார். எப்படியோ தெரிந்திருக்கிறது. வண்டியோடு வருகிறேன், நீ அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு வா என்றார். எழுபதைத் தாண்டியவர். அதே கார், அதே கஞ்சி போட்ட புடவை, பின்சீட்டில் அதே கணவர், என்ஜினைக் கேட்டுக்கொண்டு.

ஆஸ்பத்திரியிலிருந்து பம்மலுக்குத் திரும்பும் வழியெல்லாம், ஒரு கண்ணில் கட்டோடு இடது பக்கம் உட்கார்ந்திருந்த மாஸ்டரின் கால், ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒவ்வொரு நாய்க்கும் கால்விரிப்பை மிதித்துக்கொண்டே வந்தது. டீச்சர் ரோட்டிலிருந்து பார்வையை எடுக்காமல் சொன்னார்: "காலை எடுங்க மாஸ்டர். பிரேக் என்கிட்ட இருக்கு." மாஸ்டர் குழந்தை மாதிரி காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மாஸ்டர் வீட்டுச் சந்து உங்களுக்குத் தெரியாது. ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் வரிசையாக பைக்குகள், நுனியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. டீச்சர் தெருவில் நின்று, ஒரு தடவை திரும்பிப் பார்த்து, வண்டியைப் பின்பக்கமாக உள்ளே விட்டார். ஒரே மூச்சில் வாசற்படி வரை வந்து நின்றது. ஒரு பைக் கண்ணாடிகூட அசையவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு, சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து, பின்னால் என் பக்கம் கையை நீட்டினார். நான் பேப்பரைக் கொடுத்தேன்.

மாஸ்டர் அந்தப் பேப்பர்மேல் தன் உள்ளங்கையை வைத்து மறைத்தார்.

"இப்ப வாணாம் டீச்சர். இன்னொரு கண்ணு பாக்கி கீது."

டீச்சர் அவரைப் பார்த்தார். பின்சீட்டில் அவர் கணவர்தான் முதலில் சிரித்தார், அப்புறம் நாங்கள் எல்லோரும். வாசலுக்கு வந்த அக்கா என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

அந்தப் பேப்பர் இப்போது இந்த பிரேக் பெடலுக்கு அடியில்தான் இருக்கிறது. எல்லாம் சேர்த்துத்தானே என்று யாராவது கேட்கும்போது என் கை தானாக அதன்மேல் போய்விடுகிறது. கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் டீச்சரின் பெயர் இல்லை. சிவப்பு மையில், பள்ளிக்கூடக் கையெழுத்தில், இப்படி எழுதியிருக்கிறது: அடுத்த கிளாஸ் புதன்கிழமை காலை, கண் ஆஸ்பத்திரி. மாஸ்டர் தயாராக இருக்கவும்.